தலையில் அடிபட்ட பிறகு கை கால் அசைவு திரும்புமா? ஆறு மாதக் கணக்கும் வீட்டில் செய்யக்கூடியதும்

கேள்வி சுருக்கமாக இது. சாலை விபத்தில் தம்பிக்குத் தலையில் பலத்த அடி. ஐசியூவில் சில வாரம் நினைவில்லாமல் கிடந்து, பிறகு விழித்து, இப்போது நான்கு மாதம் முடிந்திருக்கிறது. வலது கை பெரும்பாலும் மடங்கியே இருக்கிறது. வலது கால் ஓரளவு வருகிறது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறார், நடந்தால் தள்ளாடுகிறார். "ஆறு மாதத்துக்குள் வந்தால்தான் உண்டு, அதற்கப்புறம் வராது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது உண்மையா, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

மூளைக் காயம் பட்டவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி "வரும்", "வராது" என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் இந்த ஆறு மாதக் கணக்கை நம்பிக் குடும்பங்கள் பதறுவதையும், ஏழாவது மாதம் எல்லாவற்றையும் விட்டுவிடுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தக் கணக்கில் பாதி உண்மை இருக்கிறது. முன்னேற்றம் மிக வேகமாக நடப்பது முதல் ஆறு மாதங்களில்தான். அப்புறம் வேகம் குறையும். குறைந்தாலும் நின்றுவிடுவதில்லை. இந்தக் கணக்கு பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளைப் பார்த்து வந்தது. அவர்களுக்குக் கை கால் பலத்தில் வரவேண்டியதன் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடும். தலைக்காயம் இன்னும் நிதானமாக ஆறுவது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்குபவர்கள் உண்டு.

ஒரு ஆய்வைச் சொல்கிறேன். தலைக்காயம் பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்க அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நடந்த டிராக்-டிபிஐ ஆய்வின் முடிவு ஒன்று 2021இல் வெளியானது. கடுமையான தலைக்காயம் பட்டவர்களை இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சுமார் 12 சதவீதம் பேர்தான் சொல்லிக்கொள்ளும்படி இருந்தார்கள். பன்னிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 52 சதவீதம் பேர், வீட்டில் சில மணி நேரமாவது தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடிய நிலைக்கோ அதற்கு மேலேயோ வந்திருந்தார்கள். நடுத்தரக் காயத்தில் அது 75 சதவீதம். இது கை கால் அசைவை மட்டும் அளந்த கணக்கு இல்லை, மொத்த வாழ்க்கையை அளந்தது. என்றாலும், இரண்டாவது வாரத்திலோ நான்காவது மாதத்திலோ இருக்கும் நிலையை வைத்துக் கடைசித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இது போதும்.

உங்கள் ஐசியூ பேப்பரில் ஜிசிஎஸ் என்று ஒரு எண் இருக்கும். நோயாளி எந்த அளவுக்கு நினைவோடு இருக்கிறார் என்பதை அளக்க, 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு மருத்துவர்கள் உருவாக்கிய அளவுகோல் அது. 3இலிருந்து 15 வரை போகும். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். குடும்பத்தார் அந்த எண்ணையே மனதில் வைத்துக்கொண்டு உருகுகிறார்கள். பின்னால் எப்படி இருப்பார் என்று கணிக்க அதைவிடப் பயன்படுவது வேறொன்று: விழித்த பிறகு அன்றாடம் நடப்பவை தொடர்ச்சியாக மனதில் பதிய எத்தனை நாள் ஆனது என்பது. நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன சாப்பிட்டார் என்று சரியாகச் சொல்லத் தொடங்கிய நாள் உங்களுக்கு நினைவிருந்தால் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, உள்ளே என்னதான் நடந்திருக்கிறது?

பக்கவாதத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. அந்தக் குழாய் போகும் இடம் மட்டும் பழுதாகிறது. விபத்தில் அப்படியில்லை. வேகமாகப் போய்க்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும் மூளை உள்ளே குலுங்கி முறுக்குகிறது. மண்டையோட்டின் அடிப்பகுதியில் உள்ள கரடுமுரடான எலும்பில் முன்மூளையும் பக்கமூளையும் உரசிக் கன்றிப்போகின்றன. அதோடு, மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நீளமான நரம்பிழைகள் பல இடங்களில் இழுபட்டுச் சிதைகின்றன. இந்த இழைச் சேதம் சாதாரண சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. "ஸ்கேன்ல பெரிசா ஒண்ணும் இல்லைங்கறாங்க, ஆனா ஆள் எழுந்திருக்கவே மாட்டேங்கறார்" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இதனால் அசைவுக் கோளாறும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பலவீனம் ஒன்று. தசை இறுக்கம் இன்னொன்று. சிறுமூளைக்குப் போகும் வரும் பாதைகள் பாதிக்கப்பட்டால் பலம் இருந்தும் தள்ளாட்டம், நடுக்கம், குறி தவறுதல். சிலருக்குப் பலமும் சரி, ஒத்திசைவும் சரி, ஆனால் "சீப்பை எடுத்துத் தலை வாரு" என்றால் எப்படித் தொடங்குவது என்று கைக்குத் தெரிவதில்லை. உங்கள் தம்பிக்கு வலது பக்கப் பலவீனமும் தள்ளாட்டமும் சேர்ந்து இருப்பதுபோலத் தெரிகிறது. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. உங்கள் பிசியோவிடம் "நடை சரியில்லாததற்குக் காரணம் பலவீனமா, இறுக்கமா, சமநிலையா?" என்று நேராகக் கேளுங்கள். மூன்றும்தான் என்றால், எது முதல் தடை என்று கேளுங்கள்.

முதல் வாரங்களில் தானாக வரும் முன்னேற்றம், வீக்கம் வடிவதாலும், அடிபட்ட இடத்தோடு தொடர்புடையது என்பதால் மட்டும் ஸ்தம்பித்துப்போயிருந்த தூரத்துப் பகுதிகள் மறுபடி விழிப்பதாலும் வருவது. அதற்குப் பிறகு வருவது வேறு வகை. மிச்சமிருக்கும் நரம்புகள் புதுக் கிளை விடுகின்றன, சும்மா இருந்த இணைப்புகள் வேலைக்கு வருகின்றன, பக்கத்துப் பகுதி பழைய பகுதியின் வேலையைக் கற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது வகை தானாக நடக்காது. 1996இல் ராண்டால்ஃப் நூடோவின் குழு குரங்குகளில் காட்டியது இதைத்தான். மூளையில் கைக்கான இடத்தில் சிறு சேதம் ஏற்படுத்திவிட்டுச் சும்மா விட்டால், சேதத்தைச் சுற்றி நன்றாக இருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்கை விரலால் எடுக்கப் பழக்கிய குரங்குகளில் அந்தப் பகுதி தங்கியது, சிலவற்றில் விரிந்தது.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பல வீடுகளில் நடப்பது என்ன? காலையும் மாலையும் யாராவது உட்கார்ந்து கையையும் காலையும் தூக்கி, மடக்கி, நீட்டி, எண்ணெய் தேய்த்து ஒரு மணி நேரம் "எக்சர்சைஸ்" செய்துவிடுகிறார்கள். நோயாளி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அன்பாகச் செய்கிறார்கள், சிரமப்பட்டுச் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சி பெற்றது செய்தவருடைய கைதான். நோயாளியின் மூளை ஒரு கட்டளைகூட அனுப்பவில்லை. தசையை நீட்டிப் பிடிப்பதால் மூட்டு இறுகுவது தடுக்கப்படுகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வுகூட, சில மாதங்கள் செய்தும் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்றுதான் முடித்தது. மயக்கத்தில் இருப்பவருக்கும் துளியும் அசைக்க முடியாதவருக்கும் நாம்தான் அசைக்க வேண்டும், மறுக்கவில்லை. கொஞ்சமாவது தானே அசைக்க முடிகிறவருக்கு அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவிடலாம்.

எப்படி? அவர் முயல வேண்டும். நீங்கள் முயற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். முழங்கையை நீட்ட முடியவில்லை என்றால், மேசை மீது கையை வைத்து அடியில் ஒரு வழுக்கும் துணியைப் போடுங்கள். எடை இல்லாமல் தள்ளுவது சுலபம். அவர் தொட்டுத் தள்ள ஏதாவது ஒரு பொருளை எதிரில் வையுங்கள். வெறும் "கையை நீட்டு" என்பதைவிட "அந்த டம்ளரைத் தள்ளு" என்பது நன்றாக வேலை செய்யும். பத்தில் ஏழு தடவை முடிகிறது என்றால் சரியான கஷ்டத்தில் இருக்கிறீர்கள். பத்தும் முடிந்தால் பொருளைத் தூரத் தள்ளிவையுங்கள். ஒன்றுகூட முடியாவிட்டால் பாதி வேலையை நீங்கள் தாங்குங்கள், முழுதையும் வேண்டாம்.

எத்தனை தடவை என்பது அடுத்த கேள்வி. கேதரின் லாங் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் பக்கவாத மறுவாழ்வு மையங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ஒரு அமர்வில் கையைப் பயனுள்ள வேலைக்கு அசைத்தது சராசரியாக 32 தடவை. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு நாளொன்றுக்குச் சில நூறு தடவை தேவைப்பட்டிருந்தது. இடைவெளி புரிகிறதா? மையத்துக்குப் போய் வரும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எதற்கும் போதாது. ஆனால் எண்ணிக்கையே மந்திரமும் இல்லை. அதே லாங்கின் குழு 2016இல், பக்கவாதம் வந்து பல மாதங்கள் ஆனவர்களை 3200, 6400, 9600 தடவை என்று பிரித்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அதிகம் செய்தவர்கள் அதிகம் முன்னேறவில்லை. என் அனுபவமும் அதுதான். கவனமில்லாமல் இயந்திரம்போலச் செய்யும் முந்நூறைவிட, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசிக்க வைக்கும் நூறு மேல்.

நாளை முழுவதையும் பயிற்சியாக மாற்றுவதுதான் வழி. சட்டை போடும்போது பலவீனமான கையை அவரே நுழைக்கட்டும், ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். கட்டிலிலிருந்து எழும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். முன்னால் குனியச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் எடை இறங்குவதைப் பார்த்து, இடுப்பில் லேசாகப் பிடித்தால் போதும். உட்கார்ந்து எழுவது காலுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த ஒற்றைப் பயிற்சி. நாற்காலியின் உயரத்தை மாற்றி மாற்றி அதைச் சுலபமாகவும் கடினமாகவும் ஆக்கலாம். பல் தேய்க்கும்போது வலது கை பேஸ்ட் டியூபைப் பிடித்துக்கொள்ளட்டும், மூடியை இடது கை திறக்கட்டும். பலவீனமான கைக்கு இப்படி ஒரு சின்ன உத்தியோகமாவது எப்போதும் இருக்க வேண்டும்.

இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். முதலில் முடியாததால் பயன்படுத்துவதில்லை. பிறகு முடிந்தாலும் பயன்படுத்தாமலேயே பழகிவிடுகிறது. அதை உடைக்க அவர் கொண்டுவந்த முறையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பலவீனமான கையையே பயன்படுத்தச் சொல்வார்கள். இரண்டு வாரம், தினமும் பல மணி நேரப் பயிற்சியோடு. 2006இல் வந்த எக்சைட் என்ற ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு இது பலன் தந்தது, அந்தப் பலன் ஓராண்டு நிலைத்தது. தலைக்காயத்திலும் சிறிய அளவில் முயன்று நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஆனால் இதற்கு ஒரு தகுதி வேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானே மேலே நிமிர்த்த முடிய வேண்டும். சமநிலை மோசமாக இருப்பவரின் நல்ல கையைக் கட்டிவிட்டு நடக்க விடுவது ஆபத்து. நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், பிசியோவோடு பேசுங்கள்.

பக்கவாதம் பார்த்துப் பழகியவர்கள் தலைக்காயத்தில் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இங்கே பல நேரம் தடை கையிலோ காலிலோ இல்லை. முன்மூளை அடிபட்டிருப்பதால் தொடங்கும் உந்துதலே குறைந்திருக்கும். "நடக்கலாமா?" என்றால் "ம்" என்பார், ஆனால் எழமாட்டார். வீட்டில் "சோம்பேறித்தனம், அடம்" என்று திட்டுவார்கள். அது காயத்தின் அடையாளம். கேள்வியாகக் கேட்காமல், "வா, ஜன்னல் வரைக்கும் போகலாம்" என்று சொல்லி நீங்கள் முதல் அசைவைத் தொடங்கி வையுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வரிசை. டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கட்டளை, சின்ன வாக்கியம், பிறகு பத்து விநாடி காத்திருப்பு. அந்தப் பத்து விநாடிக்குள் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லிக் குழப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

நினைவாற்றல் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. "நேத்து பண்ணின எக்சர்சைஸே ஞாபகம் இல்லைங்கறான், என்ன பிரயோஜனம்?" என்று கேட்பார்கள். நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் பாதையும், உடல் திறமையைக் கற்கும் பாதையும் மூளையில் வெவ்வேறு. நாம் சைக்கிள் ஓட்டக் கற்ற நாட்களில் பல மறந்துபோயிருக்கும், ஓட்ட மட்டும் வரும், அதுபோல. பயிற்சி செய்தது ஞாபகமில்லாவிட்டாலும் செய்த பலன் உடலில் சேரும். ஆனால் இப்படிப்பட்டவர் தவறாகச் செய்து செய்து, அந்தத் தவறையே கற்றுக்கொண்டுவிடும் அபாயமும் உண்டு. அதனால் அவருக்கு ஆரம்பத்திலேயே கை கொடுத்து, சரியான முறையில் மட்டும் செய்யவைத்து, மெதுவாக உதவியைக் குறைப்பது நல்லது.

சோர்வு இன்னொன்று. மூளைச் சோர்வு சாதாரணக் களைப்பு மாதிரி இல்லை. திடீரென்று விளக்கு மங்கியதுபோல ஆள் ஒடுங்கிவிடுவார். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, பதினைந்து நிமிடமாக நாலைந்து தடவை செய்யுங்கள். இரவுத் தூக்கம் கெட்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். மருந்துப் பட்டியலையும் ஒருதரம் மருத்துவரிடம் காட்டி, "இதில் தூக்கத்தையோ மந்தத்தையோ தருவது எது? இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். ஐசியூவில் கலாட்டா செய்தபோது தொடங்கிய மனஅமைதி மருந்து, மாதங்கள் கழித்தும் யாரும் கவனிக்காமல் தொடர்வது உண்டு. டயஸிபாம் வகை, ஹாலோபெரிடால் போன்றவை மீட்சியை மந்தப்படுத்தலாம் என்ற கவலை மருத்துவர்களுக்கே இருக்கிறது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தையும், தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனையும் சட்டென்று நிறுத்துவது மிக ஆபத்து.

இனி இறுக்கம். வலது கை மடங்கியே இருக்கிறது என்றீர்கள். அதில் இரண்டு கலந்திருக்கலாம். ஒன்று, நரம்புக் கட்டுப்பாடு போனதால் தசை தானாக இழுத்துப் பிடிப்பது. வேகமாக நீட்டினால் எதிர்க்கும், மெதுவாக நீட்டினால் விடும். இன்னொன்று, தசையும் மூட்டும் நிஜமாகவே குறுகிப்போனது. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரு இடத்தில் நின்றுவிடும். முதலாவதுக்கு மருந்தும் ஊசியும் உதவும். பொட்டுலினம் ஊசி, பேச்சு வழக்கில் போடாக்ஸ், போட்ட சில நாளில் தொடங்கிச் சில வாரத்தில் உச்சத்துக்குப் போய் சுமார் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். அது இறுக்கத்தைத் தளர்த்தும், அசைவை உண்டாக்காது. தளர்ந்திருக்கும் அந்த வாரங்களில் எதிர்ப்பக்கத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால்தான் ஊசிக்கு அர்த்தம். சும்மா போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தால், கை கழுவவும் நகம் வெட்டவும் சுலபமாகும், அவ்வளவுதான். அதுவும் சிலருக்குப் பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறுகியே போனதற்கு, தொடர்ச்சியாக மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நீட்டுவது, கடைசியில் அறுவை சிகிச்சை என்று வழிகள் உண்டு.

இறுக்கத்தைப் பலர் முழு எதிரியாகப் பார்க்கிறார்கள். காலில் இருக்கும் இறுக்கத்தை ஊன்றுகோலாக வைத்துத்தான் சிலர் நிற்கிறார்கள். அதை மாத்திரையால் முழுதும் கரைத்துவிட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். எதைக் குறைக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது நிற்கவைத்து, நடக்கவைத்துப் பார்த்து முடிவு செய்யவேண்டியது. இறுக்கம் திடீரென்று கூடினால் முதலில் வேறு காரணம் தேடுங்கள்: மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், உள்ளே வளரும் நகம். உடலில் எங்கோ வலித்தால் இறுக்கம் ஏறும்.

தோளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலவீனமான பக்கத் தோளைத் தாங்கும் தசைகள் வேலை செய்யாததால் மூட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. ஒரு முறை தோள்வலி வந்துவிட்டால் கைப்பயிற்சி மொத்தமும் நின்றுபோகும். இன்னொன்று, இடுப்பு, முழங்கை, தோள், முழங்கால் இவற்றில் ஒன்று சூடாக, சிவந்து, வீங்கி, அசைவு குறைந்துகொண்டே வந்தால் வம்படியாக மடக்காதீர்கள். கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு மூட்டைச் சுற்றியுள்ள தசையில் எலும்பு வளரும் ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். காலில் வீக்கமும் வலியும் மட்டும் என்றால் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

நடை பொதுவாகக் கைக்கு முன்னால் திரும்பும். நடைக்குத் தேவையான தாளத்தைத் தண்டுவடமும் மூளைத்தண்டும் பாதி சுமக்கின்றன, அந்தப் பாதைகள் இரண்டு பக்கமும் போகின்றன. விரல்களின் நுணுக்கமோ எதிர்ப்பக்க மூளையிலிருந்து இறங்கும் ஒரே பெரிய பாதையை நம்பியிருக்கிறது. அதனால் கால் முந்தி, கை பிந்தி வருவதைப் பார்த்து "கையைச் சரியாகக் கவனிக்கவில்லையோ" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். பாதம் தொங்கினால் கணுக்காலுக்கு ஒரு ஸ்ப்ளின்ட் போட்டு இன்றைக்கே நடக்கவைப்பது, ஸ்ப்ளின்ட் இல்லாமல் நடப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட நல்லது. நடப்பதால்தான் நடை வரும். தள்ளாட்டத்துக்கு மருந்து கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதங்களை ஒட்டிவைத்து நிற்பது, நின்றபடி எட்டி எடுப்பது, திரும்புவது, பக்கவாட்டில் நடப்பது என்று சமநிலையைச் சிறிது சிறிதாகச் சோதித்துப் பழக்குவதுதான் வழி. தலையைத் திருப்பும்போதும் படுக்கும்போதும் சுற்றல் வருகிறதா என்று கேளுங்கள். அடிபட்டதில் உள்காதின் நுண்படிகங்கள் இடம் மாறியிருந்தால், தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் சாய்த்துத் திருப்பும் சில நிமிட சிகிச்சையில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் "மூளைத் தள்ளாட்டம்" என்று விட்டுவைத்த சுற்றல் இப்படி ஒரே நாளில் குறைந்ததும் உண்டு.

முன்னேறிக்கொண்டிருந்தவர் பின்னோக்கிப் போனால் அதைப் "பயிற்சி போதவில்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடை மோசமாகி, சிறுநீர் அடக்க முடியாமல், மந்தமும் கூடினால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். குழாய் வைத்து வடித்தால் மறுபடி முன்னேறலாம். மெதுவாகச் சேரும் ரத்தக்கட்டும் இப்படிச் செய்யும். மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்திருந்து அந்த இடம் உள்வாங்கிக் குழிந்திருந்தால், அதனாலேயே கை கால் பலவீனம் கூடலாம். எலும்பைத் திரும்ப வைத்த சில நாட்களில் அசைவு மேம்படுவதைப் பார்த்திருக்கிறேன். வைக்கும்வரை ஹெல்மெட் இல்லாமல் நடைப்பயிற்சி கூடாது.

இனி எல்லோரும் கேட்கும் மருந்துகள். மூளைக்கு டானிக் மாதிரி பல நாடுகளில் எழுதப்படும் சிட்டிகோலினை, கோப்ரிட் என்ற ஆய்வில் தலைக்காயம் பட்ட 1213 பேரிடம் 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது: மருந்தில்லாத மாத்திரையைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. அதே ஆண்டு, விழிப்பைக் கூட்டக் கொடுக்கும் அமென்ட்டடின் என்ற மருந்தைப் பற்றி வந்த ஆய்வு நல்லவிதமாக இருந்தது. நினைவு முழுதாகத் திரும்பாத 184 பேரில், மருந்து எடுத்த நான்கு வாரத்தில் முன்னேற்றம் வேகமாக இருந்தது. நிறுத்திய பிறகு வேகம் குறைந்தது. விழிப்பு கூடினால் பயிற்சிக்கு ஆள் கிடைக்கிறார், அதுதான் அதன் பயன். ஸ்டெம் செல்லில், மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் எஸ்பி623 என்ற சிகிச்சைக்கு, தலைக்காயத்தால் வந்த நாள்பட்ட செயலிழப்புக்காக ஜப்பான் 2024இல் நிபந்தனையோடு, காலவரையறையோடு அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் ஆறு மாதத்தில் தெரிந்த வித்தியாசம் ஓராண்டில் அவ்வளவு தெளிவாக இல்லை. விளம்பரம் போட்டு இடுப்பில் ஊசி வழியாக ஸ்டெம் செல் ஏற்றுபவர்களுக்கும் அந்த ஆய்வுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பணம் இருந்தால், தினமும் வீட்டுக்கு வரும் ஒரு நல்ல தெரபிஸ்டுக்குச் செலவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு ஒரு பொது உதாரணம் தருகிறேன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கேபி கிஃபர்ட்ஸ் 2011 ஜனவரி 8 அன்று தலையில் சுடப்பட்டார். குண்டு இடது மூளையைத் துளைத்தது. வலது கை காலும் பேச்சும் போயின. அந்த மாதமே ஹியூஸ்டனில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார், மே மாதம் மண்டையோட்டைச் சரிசெய்தார்கள், ஆகஸ்டில் ஒரு வாக்கெடுப்புக்குச் சபைக்கு வந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஒரு மாநாட்டு மேடையில் நொண்டி நடந்துவந்து உறுதிமொழி வாசித்தார். பல ஆண்டுகள் கழித்தும் பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தொடர்ந்தார், பேச்சு தொடர்ந்து வளர்ந்தது. வலது கை மட்டும் பெரிதாகத் திரும்பவில்லை. மிகச் சிறந்த சிகிச்சை கிடைத்த ஒருவருக்கும் கதை இப்படித்தான்: சிலது வந்தது, சிலது வரவில்லை, வராததைச் சுற்றி வாழப் பழகினார். உங்கள் தம்பிக்கு இடது கையால் எழுதவும் சாப்பிடவும் இப்போதே பழக்குவது வலது கையைக் கைவிடுவதாகாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

அடுத்த முறை பிசியோவைப் பார்க்கும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்: தம்பி நாற்காலியிலிருந்து எழுவது, நாலைந்து அடி நடப்பது, மேசையிலிருந்து வலது கையால் ஒரு பொருளை எட்டிப் பிடிக்க முயல்வது. வாரம் ஒரு தடவை அதே இடத்தில், அதே கோணத்தில் எடுங்கள். கூடவே இருப்பவர்கள் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, இரண்டு மாத வீடியோவை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரியும். பிசியோவிடம் மூன்று கேள்வி: இந்த மாத இலக்கு என்ன, அதற்காக வீட்டில் அவர் தானாகச் செய்யவேண்டிய இரண்டு வேலை எவை, நாங்கள் செய்துகொடுப்பதில் எதை நிறுத்த வேண்டும்? பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது கேள்விக்கான பதில்தான் நீளமாக இருக்கிறது.